உங்களுக்குத் தெரியுமா? பரிசலில் தூண்டில் போட எத்தனை அடிக் கோல்?

1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய முக்கொம்பில், கரையில் நின்று தூண்டில் போட நீளமான மூங்கில் கோல்தான் வசதி. நாணலைத் தாண்டி முள் விழ வேண்டும். நம் நிழலும் மீன்மேல் படக்கூடாது. பரிசலில் ஏறினால் ஆழம் காலடியிலேயே இருக்கிறது. 6, 7 அடி தாராளம். சக்கரம் இல்லாத தூண்டிலில் நரம்பும் ஏறக்குறைய கோல் நீளமே இருக்கட்டும். கோலை நிமிர்த்தினால் ஜிலேபிக் கெண்டை துள்ளிக்கொண்டு நேரே கைக்கு வரும். நரம்பு நீண்டால் பாதி ஆற்றில் நழுவும்!

அமெரிக்காவிலோ கிராப்பி மீனுக்குப் படகு முகப்பில் 12 முதல் 16 அடிக் கோல்களை விசிறிபோல் விரிக்கிறார்கள். படகைக் கண்டு மீன் மிரளாதிருக்கத்தான் அவ்வளவு நீளம்.

நம் ஜிலேபியும் அயலூர்தான்: ஆப்பிரிக்க மீன், 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபம் வந்தது.