கடன் அட்டை: வைத்திருப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

"மாதந்தோறும் கட்டுகிறோம், கடன் குறையவில்லையே!" என்று கடன் அட்டை நிறுவனங்களை நொந்துகொள்கிறோம். காரணம், 'குறைந்தபட்சத் தொகை' என்னும் அந்தச் சிறிய வரி. 20,000 ரூபாய் பாக்கிக்கு 5 சதவீதமாக 1,000 ரூபாய் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 700 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 126 ரூபாய். அசலில் கழிவது வெறும் 174 ரூபாய்! பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் அரிசிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். (கூட்டிப் பார்த்த அன்று நமக்கே தூக்கம் வரவில்லை.)

மாதந்தோறும் முழுத் தொகையும் கட்ட முடிந்தால் அட்டை இருக்கட்டும். முடியாதவர்கள் இன்றே அதை அலமாரியில் பூட்டிவிடுவோம். பாக்கியைத் தீர்த்து விண்ணப்பித்தால், 7 வேலை நாள்களுக்குள் கணக்கை மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்துள்ளது.