100 எம்பிபிஎஸ் பிளான்... டவுன்லோடு மட்டும் ஏன் 12 எம்பி?

‘100 எம்பிபிஎஸ்’ என்று சொல்லி கனெக்‌ஷன் கொடுத்தார்கள். டவுன்லோடு 12 எம்பியிலேயே நிற்குதே, ஏமாத்துறாங்களா? இல்லை. எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லைங்க!) என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. ஃபைல் அளவோ மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆக, 700 எம்பி படம் இறங்க 56 நொடி.

பிட் கணக்கு டெலிகாம் துறையின் பழைய வழக்கம். போனில் பேசும் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக அனுப்பினார்கள். அதுதான் 64 கேபிபிஎஸ்.

இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்று சொல்ல, 2023 முதல் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது நொடிக்கு கால் எம்பிதான். அதே படத்துக்கு 46 நிமிடத்துக்கு மேல் ஆகும்!

100 பிளானில் 11, 12 எம்பி வந்தால் சண்டை வேண்டாம். கேபிளில் இணைத்தும் 4, 5 தான் என்றால், கஸ்டமர் கேருக்கு போனைப் போடுங்க.