நகரத்துக் காற்றும் மலைக் காற்றும்



கூரை இடுக்கு வழியாக வீட்டுக்குள் வெயில் விழும்போது, அந்த ஒளியில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஆகாயத்திலும் இதே கதைதான். தூசி, புகை, கரித்துகள் எல்லாம் காற்றில் மிதந்து வெயிலை மறிக்கின்றன. எவ்வளவு மறிக்கின்றன என்று அளந்தால், தலைக்கு மேலே உள்ள காற்று எவ்வளவு அழுக்கு என்று தெரிந்துவிடும்.

இதற்கென்றே ஒரு கருவி உண்டு. சூரியனை நேராகப் பார்த்து, வந்து சேரும் ஒளியை அளக்கும். உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் நகரில் 2001-ல் இப்படி அளக்கத் தொடங்கினார்கள். லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே மலையிலும் அளந்தார்கள்.

கண்டது என்ன? சூரியன் உச்சியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நேராக வரும் ஒளியில் 100-க்குச் சுமார் 5 பங்கைத்தான் ஹான்லேயில் துகள்கள் மறிக்கின்றன. கான்பூரில் சராசரியாக 45 பங்கு!

ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளந்தால் துகளின் அளவும் தெரியும். புகைத்துகள் மிக நுண்ணியது; நீல நிறத்தை அதிகம் சிதறடிக்கும். மண்தூசி பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மறிக்கும். கோடையில் கான்பூருக்குப் பாலைவனத் தூசி வருகிறது. குளிர்காலத்தில் வண்டிப் புகை, சூளைப் புகையோடு விறகு, வரட்டிப் புகையும் சேர்கிறது.

"நாங்க பட்டணத்துலயா இருக்கோம்? எங்களுக்கு என்ன?" என்பீர்கள். விறகடுப்புப் புகையிலும் அதே நுண்ணிய கரிதான் இருக்கிறது. மூக்கில் நிற்காமல் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். கர்ப்பிணி இதைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு நிமோனியா வரலாம். 2020-ல் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

செய்ய வேண்டியவை:

1. கேஸ் அடுப்பு இருந்தால் எல்லாச் சமையலுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.
2. விறகுதான் என்றால், நன்றாகக் காய்ந்ததை எரியுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
3. புகைபோக்கி அமைத்து, படியும் கரியை அவ்வப்போது தட்டி எடுங்கள். இது கணவரின் வேலையாக இருக்கட்டும்.
4. அடுப்பு எரியும்போது கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அங்கே இருக்க வேண்டாம்.

குழந்தைக்கு இருமலோடு மூச்சு வேகமாக வாங்கினால், காத்திருக்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள்.