மேஜைக்கு எந்தப் பக்கம் நாம்?



நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போன மாதம் வெள்ளையடித்தோம். பீரோ, மேஜை எல்லாவற்றையும் வெளியில் எடுத்துப் போட்டபோதுதான், "திரும்பவும் பழையபடியே வைக்கணுமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருடைய மகள் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறார். அந்த ஆபீஸ் படங்களை செல்போனில் காட்டினார். அன்று எழுந்த பேச்சையும், அதன் பிறகு நாங்கள் தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

படத்தில் அறை அறையாக எதுவுமே இல்லை. ஒரே பெரிய கூடம். மேலாளருக்கும் தனி அறை கிடையாது. யாருக்கும் சொந்த நாற்காலி இல்லை. காலையில் வருகிறவர் காலியாக உள்ள இடத்தில் உட்கார வேண்டியதுதான். 2020 கொரோனாவுக்குப் பிறகு பலரும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வதால், ஆளுக்கொரு இடம் எதற்கு என்று கம்பெனிகள் இப்படி மாறி வருகின்றன. பெரிய பெரிய ஜன்னல், தொட்டிச் செடி, மூங்கில் தடுப்பு, தரையில் தென்னை நார் விரிப்பு. "ஏனுங்க, இது நம்ம பழைய ஆசாரமும் திண்ணையும் மாதிரியே இருக்குதுங்களே! இதுக்கா இவ்வளவு செலவு?" என்றார் ஒரு அம்மா. எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் இந்தச் சுவரில்லாத ஆபீஸ் புதிது இல்லை. 1950களிலேயே ஜெர்மனியில் சுவர்களை எடுத்துவிட்டு, செடிகளை நடுவில் வைத்து ஆபீஸ் அமைத்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக, நகர்த்தி வைக்கக்கூடிய தடுப்புகளைச் செய்தார். 1968ல் அது விற்பனைக்கு வந்தது. வேலை செய்கிறவர் தாராளமாக அசைந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கம்பெனிகளோ அதே தடுப்பை வைத்து, குறைந்த இடத்தில் நிறையப் பேரை அடைத்துவிட்டன. கடைசிக் காலத்தில் ப்ராப்ஸ்டே அதைக் கண்டித்தார். பிறகு அந்தத் தடுப்புகளையும் எடுத்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளில் அளந்து பார்த்து 2018ல் வெளியிட்டார்கள். தடுப்பை எடுத்த பிறகு நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டதாம். பக்கத்தில் இருப்பவருக்கே மெயில் அனுப்பியிருக்கிறார்கள்! சுற்றிலும் காது இருந்தால் யாருக்குத்தான் வாய் வரும்?

இதைப் படித்தபோது எங்களுக்கு நம் அலுவலகமே ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு அக்காவுக்கு மூன்று தவணை நின்றுபோனது. அவர் மேஜை முன்னால் நிற்க, "ஏன் கட்டலை?" என்று எல்லோர் முன்பும் கேட்டோம். கேட்டது நாங்கள்தான். பாஸ் புத்தகம் வரவு வைக்க வந்த நாலைந்து பேர் அப்போது அங்கே இருந்தார்கள். அந்த அக்கா ஆறு மாதம் அலுவலகப் பக்கமே வரவில்லை. வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்பது பிறகுதான் தெரிந்தது. தள்ளி உட்கார்ந்து பேச ஒரு மூலை இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. குழுக் கூட்டத்தில் ஜமக்காளத்தில் வட்டமாக உட்காருகிறோம். ஊக்குநரும் தரையில்தான், உறுப்பினரும் தரையில்தான். அதே உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். நாற்காலி இரண்டும் நம் பக்கம். நிற்கிறவர் உட்கார்ந்திருப்பவரிடம் உரிமையாகக் கேட்க முடியுமா?

நம் பிள்ளைகள் பலர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கி வருவதைப் பார்த்திருக்கிறோம். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி கடைப் பெண்களைத் திரட்டிப் போராடினார். உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2018ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021ல் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. கடைக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

செடி விஷயம் நமக்குத் தொழிலாகவே பார்க்கத் தக்கது. ஆபீஸ்களுக்கு மாத வாடகைக்குத் தொட்டிச் செடி கொடுத்து, வாரம் ஒருமுறை போய்ப் பராமரிப்பது நகரங்களில் ஒரு வேலை. நர்சரி வைத்திருக்கும் குழுக்கள் விசாரித்துப் பார்க்கலாம். ஆனால் "காற்றைச் சுத்தம் செய்யும்" என்று சொல்லி விற்க வேண்டாம். 1989ல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையை வைத்துத்தான் அப்படிப் பேசுகிறார்கள். 2019ல் அந்தச் சோதனைகளை எல்லாம் மறுபடி ஆராய்ந்தவர்கள், ஜன்னல் திறக்கும் அளவுக்குப் பலன் வர ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அப்புறம் ஆள் எங்கே உட்காருவது? கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொன்னால் போதும், அது உண்மை.

சரி, நம் அலுவலகத்துக்கு என்ன செய்தோம்? புதிதாக எதுவும் வாங்கவில்லை. மேற்கு ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த பீரோவைக் குறுக்கே திருப்பி வைத்ததில் ஒரு மூலை தனியாகக் கிடைத்தது. அங்கே இரண்டு நாற்காலி. பகலில் டியூப் லைட் போடாமலே இப்போது கணக்கு எழுத முடிகிறது, மலைக்காற்றும் வருகிறது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் பேச்சை எதிரொலித்தன; பழைய பவானி ஜமக்காளம் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டதில் சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாமல் தொங்கும் நம்மவர்களுக்காக அடியில் ஒரு பலகை போட்டோம்.

மேஜையைச் சுவரோடு சேர்த்துப் போட்டுவிட்டோம். கணக்காளரும் உறுப்பினரும் இப்போது ஒரே பக்கம், பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். லெட்ஜர் இருவர் கண்ணுக்கும் நேராகத் தெரிகிறது. "பணப்பெட்டிக்கு என்னங்க பாதுகாப்பு?" என்று கணக்காளர் கேட்டது நியாயம்தான்; பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது, சாவி அவரிடம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள். ஆணி எதுவும் அடிக்கவில்லை, ஜமக்காளத்துக்குக்கூடப் பழைய கொக்கிதான். பிடிக்கவில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து நகர்த்திக்கொள்ளலாம்.