மூவாயிரம் வெள்ளி ஆம்ப்ளிஃபயர்: காதுக்கா, கண்ணுக்கா?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பயனீட்டாளர் விவகாரம் என்றால் கார், கைப்பேசி, வீட்டுக் கடன் என்றுதான் கேள்விகள் வரும். இப்போது இளைஞர்களிடமிருந்து இன்னொரு கேள்வியும் வருகிறது. "நல்ல ஹெட்ஃபோன் வைத்திருக்கிறேன். அதற்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால்தான் பாட்டு முழுமையாகக் கேட்கும் என்கிறார்கள். விலை 3,400 வெள்ளி. வாங்கலாமா?"

3,400 வெள்ளி சின்னத் தொகை அல்ல. 2025-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். ஆக, ஒரு தொழிலாளியின் இரண்டு மாத உழைப்பு இந்தச் சிறிய பெட்டிக்குள் போய்விடுகிறது. "ஆசைப்பட்டால் வாங்கு" என்றோ, "வீண் செலவு, விட்டுவிடு" என்றோ ஒரே வரியில் பதில் சொல்வது நியாயமாகாது. இசையைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், இதில் பாதி சாதாரணக் கணக்குதான். அதைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

ஆம்ப்ளிஃபயரின் வேலை ஒன்றே ஒன்று. கைப்பேசியோ கணினியோ அனுப்பும் மெல்லிய மின் சைகையை, ஹெட்ஃபோனை அசைக்கும் அளவுக்கு வலுவாக்கித் தருவது. நான் பணிபுரியும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அது ஓர் ஓரத்தில் கிடக்கும் சாதாரணப் பெட்டி. ஒரே ஒலியை நான்கைந்து பேரின் ஹெட்ஃபோன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதை யாரும் வியந்து பார்ப்பதில்லை.

உங்கள் கைப்பேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் ஏற்கெனவே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் இருக்கத்தான் செய்கிறது. புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருப்போருக்கு அது ஹெட்ஃபோனுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கம்பியில்லாமல் கேட்பவர்களுக்கு வெளியிலிருந்து வாங்கும் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் இந்த இடத்திலேயே 3,400 வெள்ளியை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் இருக்கும் இரண்டு எண்கள்

கம்பி வைத்த ஹெட்ஃபோன் என்றால், அதன் அட்டைப்பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று மின்தடை, ஓம் என்ற அளவில் இருக்கும். மற்றொன்று, 1 மில்லிவாட் மின்சக்தி கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பது. மின்சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் ஒலி 10 டெசிபல் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கைப்பேசியில் செருகும் சிறிய யுஎஸ்பி-சி மாற்றிகளில் பல, ஏறக்குறைய 1 வோல்ட் வரை தரக்கூடியவை. 32 ஓம், 100 டெசிபல் என்று போட்டிருக்கும் ஒரு ஹெட்ஃபோனுக்கு அந்த 1 வோல்ட்டைக் கொடுத்தால் 31 மில்லிவாட் கிடைக்கும். ஒலி 115 டெசிபல் வரை போகும். அது காதைக் கெடுக்கும் அளவு. இதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் எதற்கு?

அடுத்தது 300 ஓம், 97 டெசிபல் ரகம். அதே 1 வோல்ட்டுக்கு 3.3 மில்லிவாட், ஒலி 102 டெசிபல். அன்றாடம் கேட்க இதுவே போதும். தவில் தனி ஆவர்த்தனத்தின் உச்ச அடியும் திணறாமல் வர வேண்டும் என்று 110 டெசிபலை இலக்காக வைத்தால் 20 மில்லிவாட், அதாவது ஏறத்தாழ இரண்டரை வோல்ட் தேவை. ஓர் ஆம்ப்ளிஃபயர் உதவும். ஆனால் சில நூறு வெள்ளிப் பெட்டியே அந்த வேலையைச் செய்துவிடும்.

மூன்றாவது வகைதான் உண்மையில் பசியெடுத்தது. 2010-ஆம் ஆண்டுவாக்கில் வந்த ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்ற ஹெட்ஃபோன் 50 ஓம், 83.5 டெசிபல். 110 டெசிபலைத் தொட அதற்கு 450 மில்லிவாட் வேண்டும். முன்பு பார்த்த 300 ஓம் ரகத்தைவிட இருபது மடங்குக்கும் மேல்! மாற்றியால் அது நடக்காது. நிலைமின் முறையில் இயங்கும் ஸ்டாக்ஸ் ஹெட்ஃபோன்களோ 580 வோல்ட் நிலைமின்னழுத்தம் கேட்பவை. அவற்றுக்கென்றே செய்த பெட்டி இல்லாமல் ஒலியே வராது. இத்தகையவற்றுக்கு ஆம்ப்ளிஃபயர் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

கடைக்காரர் சொல்லாத மூன்றாவது எண்

ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு மின்தடை உண்டு. அதன் வெளியீட்டுத் தடை, ஹெட்ஃபோனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குமேல் இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓம் வரை சரி. அதற்குமேல் போனால், சுருதிக்குச் சுருதி ஹெட்ஃபோனின் தடை மாறுவதால், சில சுருதிகள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கும். விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் இந்தத் தடை பத்துக்கணக்கான ஓம்களில் இருக்கிறது. அங்கே கேட்கும் மாற்றம் உண்மையான மாற்றம்தான். அது தரம் கூடியதால் வந்தது அல்ல, பொருத்தம் குறைந்ததால் வந்தது. அந்த நிறம் பிடித்திருந்தால் வாங்குவது உங்கள் உரிமை. என்ன வாங்குகிறோம் என்பது தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

விலை எங்கே போகிறது?

ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், 1981-இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பல கணினிகள் 'பீப்' என்ற சத்தத்துக்கு மேல் பெரிதாக எதையும் எழுப்பியதில்லை. அன்றிலிருந்து நல்ல ஒலியைத் தரும் சில்லுகள் ஆண்டுக்கு ஆண்டு மலிந்தே வந்திருக்கின்றன.

2011-இல் பெயர் சொல்லாத பொறியாளர் ஒருவர், 'நாவ்கை' என்ற புனைபெயரில், ஓ2 என்ற ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். நூறு டாலருக்கும் குறைந்த செலவில் செய்யக்கூடிய அந்தப் பெட்டி, அளவீடுகளில் ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட கருவிகளோடு தோள் உரசி நின்றது. 2012-க்குப் பிறகு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்; இன்றுவரை அவர் யாரென்று வெளியே தெரியவில்லை. அவர் விட்டுச்சென்ற பாடம் மட்டும் நிற்கிறது: தெளிவான ஒலிக்கும் கனத்த விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

அப்படியானால் 3,400 வெள்ளி எங்கே போகிறது? கடைந்தெடுத்த அலுமினியக் கூடு, கனமான மின்மாற்றி, வழுவழுவென்று திரும்பும் ஒலிக்குமிழ், குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் கூடும் அடக்கவிலை, விற்பனையாளர் பங்கு, பெயருக்கான விலை என்று பிரிந்து போகிறது. இவற்றில் பொய் எதுவும் இல்லை. நல்ல குமிழ், மெல்லிய ஒலியிலும் இரு காதுக்கும் சமமாகக் கொடுக்கும். உறுதியான கூடு பல ஆண்டு உழைக்கும். ஆனால் இவை பெரும்பாலும் கைக்கும் கண்ணுக்கும் கொடுக்கும் விலை.

காதை எப்படி நம்புவது?

"நான் கடையில் கேட்டேன், வித்தியாசம் தெரிந்தது" என்பார்கள். தெரிந்திருக்கும். இரண்டில் எது சற்றே உரக்க ஒலிக்கிறதோ அதுவே தெளிவானது என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். விலைச்சீட்டைப் பார்த்த கண்ணும் தீர்ப்பில் கை வைக்கும்.

1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் ஒரு சோதனை நடத்தியது. ஒலிபெருக்கிகளை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்களை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 220 டாலர் கருவி முதல் 12,000 டாலர் கருவி வரை. ஒலி அளவைச் சமமாக்கி, எது எதுவென்று தெரியாமல் கேட்க வைத்தார்கள். பூவா தலையா போட்டதைப் போலத்தான் முடிவு வந்தது.

இதை நீங்களும் செய்யலாம். நன்றாகப் பழகிய ஒரு பாட்டை எடுங்கள். 'ரோஜா' படப் பாடலோ, உங்கள் அப்பா விரும்பிக் கேட்கும் நாதஸ்வரமோ, எதுவானாலும் சரி. ஹெட்ஃபோனுக்குப் போகும் வோல்ட் அளவை மல்டிமீட்டரில் பார்த்து, இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் ஒரு விழுக்காட்டுக்குள் சமப்படுத்துங்கள். பிறகு நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பார்க்காமல் பத்து முறை சொல்லுங்கள். ஒன்பது முறை சரியாகச் சொன்னால் வித்தியாசம் இருக்கிறது. வெறும் ஊகத்தில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஐந்தாறு முறைதான் சரி என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலம் கடந்து வாங்குவோர் கவனத்திற்கு

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பலர், அங்கேயே இத்தகைய பொருள்களை வாங்குகிறார்கள். அங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. சுற்றுப்பயணிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் விமான நிலையம், உல்லாசக் கப்பல் முனையம் வழியாகப் புறப்படுவோருக்குத்தான். உட்லண்ட்ஸ் வழியாகத் தரையில் வருவோருக்கு இல்லை. இதை மறந்து விலையை ஒப்பிடாதீர்கள்.

உத்தரவாதம் மலேசியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து தருவித்தால், பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதா என்று பாருங்கள். நம் வீட்டு மின்சாரத்தில் அது கருகிவிடும்.

உள்நாட்டில் வாங்கினால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால், 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. எனவே ரசீதைத் தொலைக்காதீர்கள்.

காதுக்கு உத்தரவாதம் கிடையாது

வலுவான ஆம்ப்ளிஃபயர் வந்ததும் குமிழைத் திருப்பத் தோன்றும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 89 டெசிபலில் ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும். ஒருமுறை உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் எந்தக் கடையிலும் மாற்றித் தரமாட்டார்கள்.

ஆகவே வாசகர்களே, செலவுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல ஒலிப்பதிவு; நசுங்கிய எம்பி3 கோப்பை எந்தப் பெட்டியும் சீராக்காது. அடுத்தது தலைக்குப் பொருந்தும் நல்ல ஹெட்ஃபோன். ஒலியில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது அதுதான். அதன் எண்கள் கேட்டால் மட்டுமே ஆம்ப்ளிஃபயர். அதுவும் சில நூறு வெள்ளியில் தொடங்கட்டும். அதற்குப் பிறகும் அந்தக் கூட்டின் அழகுக்காக 3,400 வெள்ளி கொடுக்க வசதியிருந்தால், மகிழ்ச்சியாக வாங்குங்கள். கடன் அட்டையில் தவணை போட்டு மட்டும் வேண்டாம். காசும் நம்முடையது, காதும் நம்முடையது.