உழுதவன் உடையவனான நாள்

1957-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி பொழுது விடிந்தபோது, அன்றைய பம்பாய் ராஜ்யத்தைச் சேர்ந்த புனே ஜில்லாவில், பிறர் நிலத்தைக் காலங்காலமாகக் குத்தகைக்கு உழுதுவந்த குடியானவன், கிரயப் பத்திரம் எழுதாமலும், ரிஜிஸ்திரார் கச்சேரிப் படி ஏறாமலும், கையில் ஒரு காசு இல்லாதிருந்தும், அந்த நிலத்தை விலைக்கு வாங்கியவனாகச் சட்டப்படி கருதப்பட்டான். 1948-இல் இயற்றி 1956-இல் திருத்திய பம்பாய்க் குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு செய்த காரியம் இது; ‘உழுவோர் தினம்’ என்று அந்த நாளுக்குச் சட்டமே பெயர் சூட்டியது.

இந்தப் பிரதேசத்தில் கடனால் நிலம் உழுபவன் கையை விட்டுப் போன கதை பழையது. 1875 மே மாதத்தில் இதே ஜில்லாவின் சூப்பே கிராமத்தில் சௌகார்களின் வீடுகளிலும் கடைகளிலும் புகுந்த விவசாயிகள் முக்கியமாகத் தேடியது கடன் பத்திரங்களையே, அகப்பட்டவற்றைத் தீயிலிட்டார்கள். அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்து, 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதே 1879-இல் ஐர்லாந்தில் மைக்கேல் டாவிட் முதலியோர் குத்தகைதாரர்களுக்காக நில லீகைத் தோற்றுவித்தார்கள். அங்கே மூண்ட கிளர்ச்சியின் பலனாகப் படிப்படியாகச் சட்டங்கள் வந்து, 1903-இல் விண்டம் சட்டத்தின்படி, அரசாங்கமே நிலப்பிரபுவுக்குக் கிரயத்தைக் கொடுத்துவிட்டு, குத்தகைதாரனிடமிருந்து அதை 68½ வருஷத் தவணையில், பழைய குத்தகையை விடக் குறைந்த தொகையாக, வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று.

பம்பாய்ச் சட்டமோ பொக்கிஷத்தைத் திறக்கவில்லை. நிரந்தரக் குத்தகைதாரனுக்கு வருஷக் குத்தகையின் ஆறு மடங்கு என்றும், மற்றவர்களுக்கு நிலத்தீர்வையின் 20 முதல் 200 மடங்குக்குள் என்றும் கிரயம் வகுத்தது. விவசாய நில டிரிபியூனல் அதை நிர்ணயிக்க, உழுபவன் தன் விளைச்சலிலிருந்தே அதிகபட்சம் 12 வருஷத் தவணையில் கட்டவேண்டும். மழையை நம்பிக் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிச் சீமையில் அது லகுவன்று. தவணை தவறினாலோ, டிரிபியூனல் முன் நின்று ‘வாங்க விருப்பமில்லை’ என்றாலோ, பெற்ற பாத்தியதை ரத்தாகிவிடும்.

நிலச்சொந்தக்காரர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று எழுதுவது தர்மமாகாது. ரயத்துவாரிப் பிரதேசமாகையால், சில ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு ஜீவித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். விதவைகள், மைனர்கள், ஊனமுற்றோர் ஆகியோரின் நிலங்களுக்குச் சட்டம் கைமாற்றத்தை ஒத்திவைத்ததை நான் மனமார ஆதரிக்கிறேன்.

என் மனத்தை வருத்துவது 1948-க்கும் 1957-க்கும் இடையே கழிந்த காலம். உழுபவனுக்கே நிலம் என்ற பேச்சு ஊரெங்கும் எழுந்துவிட்ட பின்னும், சொந்தச் சாகுபடிக்கென்று நிலத்தைத் திரும்பப் பெறும் உரிமை சொந்தக்காரருக்கு இருந்தது. கூலியாள் வைத்து மேற்பார்வை பார்ப்பதும் சொந்தச் சாகுபடியே என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. புனேயின் கோகலே அரசியல் பொருளாதார நிலையத்தைச் சேர்ந்த வி. எம். தாண்டேகரும் ஜி. ஜே. குதன்பூரும் இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி நடந்தது என்று ஆராய்ந்து 1957-இல் வெளியிட்ட அறிக்கை, குத்தகைதாரர்கள் ‘மனமுவந்து’ நிலத்தை ஒப்படைத்ததாகப் பதிவானவற்றில் பெரும்பகுதி மெய்யான விருப்பத்தால் நேர்ந்தவை அல்ல என்று ஐயுற இடம் தந்தது. சொந்தக்காரரிடம் கடன்பட்டும் அவர் தயவை அண்டியும் வாழ்ந்தவன் கைநாட்டு வைத்துத் தந்த காகிதத்தில் சுயவிருப்பத்தைத் தேடுவது வீண்வேலை. உழுவோர் தினம் வந்தபோது, யாருக்கு அந்தத் தினம் மிகவும் வேண்டியிருந்ததோ அவர்களில் பலர் குத்தகைதாரர் என்ற ஸ்தானத்தையே இழந்திருந்தார்கள்.

மிஞ்சியவர்களைக் காத்தது ‘சாத்பாரா’ என்னும் ஒற்றைத் தாள். நம் ஊர்ச் சிட்டாவையும் அடங்கலையும் ஒன்றாகச் சேர்த்தாற்போன்றது அது. ஏழாம் நமூனாவில் உடைமையாளர் பெயரும் நில அளவும், அதன் கீழ்ப் பன்னிரண்டாம் நமூனாவில் வருஷவாரியாகப் பயிரும் இருக்கும். ‘குள்’ என்ற குத்தகைதாரன் பெயரைக் கிராமக் கணக்கனான தலாட்டி அதில் எழுதியிருந்தானா என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் பாக்கியம் நின்றது. 1958-இல் சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துப் பெரிய வழக்கைத் தீர்த்துவைத்தது உண்மையே. ஆயினும் அந்தத் தாளில் இல்லாத பெயரை எந்தத் தீர்ப்பும் தானாக எழுதிவிடவில்லை.

தமிழ்நாட்டில் நாம் குத்தகைதாரனை வெளியேற்றுவதைத் தடுத்தோம், நியாயக் குத்தகை நிர்ணயித்தோம்; நிலத்தை அவனுக்கே உடைமையாக்கும் இத்தகைய பொதுச் சட்டத்தை இயற்றவில்லை. ஆனால் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் வருஷச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. காவிரிப் பாசனத்திலும் பிற இடங்களிலும் வாய்ப்பேச்சை நம்பி வாரம் அளந்துவரும் விவசாயிகள், நிலம் கோயிலுடையதானாலும் தனியாருடையதானாலும், குத்தகைப் பதிவேட்டில் தங்கள் பெயர் இருக்கிறதா என்பதைத் தாலுக்கா அலுவலகத்தில் இந்தச் சாகுபடிக் காலத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.