இறந்த விலங்கும் பிறக்கும் கவிதையும்

இறந்த விலங்கைக் கண்ட அதிர்ச்சியிலிருந்து கவிதை எழுவது பழைய மரபு. வேடனின் அம்புபட்டு வீழ்ந்த கிரௌஞ்சப் பறவையைக் கண்ட துயரமே வால்மீகியின் வாயில் சுலோகமானது என்கிறது ராமாயணம். குறுந்தொகையின் 69ஆம் பாடலில், கடுவன் இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. அத்தகைய மலைநாட்டுத் தலைவனை நள்ளிரவில் வராதே எனத் தோழி தடுக்கிறாள். பாடியவர் கடுந்தோட் கரவீரன்.

20ஆம் நூற்றாண்டில் கவிஞருக்கும் இறந்த விலங்குக்குமான இந்தச் சந்திப்பு சாலைக்கு வந்தது. அமெரிக்கக் கவிஞர் வில்லியம் ஸ்டாஃபோர்ட், மலைச்சாலையோரம் இறந்துகிடந்த சினைமானைப் பாடினார். அதன் வயிற்றில் குட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோலாலம்பூர் முதல் கிள்ளான் வரை, காடும் தோட்டமும் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய கிள்ளான் பள்ளத்தாக்கிலும் குரங்கு, உடும்பு, மரநாய் ஆகியவை வாகனங்களில் அடிபடுகின்றன. இதைக் கவிதையாக்க முதல் தேவை கூர்ந்த பார்வை: தாரில் ஒட்டிய மயிர், மடங்கிய முன்கால், வரிசைகட்டும் எறும்பு. இவை தெளிவாக அமைந்தால் ‘ஐயோ பாவம்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது மரியாதை. விலங்கை மனிதச் சோகத்தின் உருவகமாக மட்டும் சுருக்காமல், அதற்கும் இரையும் குட்டியும் போகும் வழியும் இருந்தன என்பதைக் கவிதை உணர்த்த வேண்டும்.